மூர் என்றால் எந்த மூர்?

1892 ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவுக் குடிவரவு நிலையம் திறந்த முதல் நாள். 'நெவாடா' கப்பலில் வந்து இறங்கியவர்களில் முதல் ஆளாகப் பதிவேட்டில் ஏறியவள் அயர்லாந்தின் கார்க் பகுதியைச் சேர்ந்த ஆனி மூர். கூடவே ஆன்டனி, பிலிப் என்று இரண்டு தம்பிகள். அப்பாவும் அம்மாவும் முன்பே நியூயார்க்கில் இருந்தார்கள். அதிகாரி அவள் கையில் 10 டாலர் தங்கக் காசு ஒன்றைக் கொடுத்தார். அவளுக்கு வயது 15 என்று பத்திரிகைகள் எழுதின. உண்மையில் 17.

அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள்? நெடுங்காலம் ஒரே பதில்தான் புழக்கத்தில் இருந்தது. மேற்கே டெக்ஸஸ் போனாள், பேர்பெற்ற ஓர் ஐரிஷ் தலைவரின் வழிவந்தவரை மணந்தாள், 1923-இல் டிராம் வண்டி மோதி இறந்தாள். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. நன்றாக இருந்ததால் யாரும் சரிபார்க்கவில்லை. அந்த டெக்ஸஸ் குடும்பத்தாரை விழாக்களுக்கு அழைத்து மரியாதையும் செய்தார்கள்.

மேகன் ஸ்மோலெனியாக் என்ற அமெரிக்க வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களை எடுத்துப் பார்த்தபோது கதை சரிந்தது. டெக்ஸஸ் ஆனி மூர் கப்பலேறி வந்தவரே அல்லர். பிறந்ததே அமெரிக்காவில், இல்லினாய் மாநிலத்தில். அந்தக் குடும்பம் பொய் சொல்லவில்லை. பெயர் ஒன்று, வயதும் ஏறத்தாழ ஒன்று, வீட்டில் வழிவழியாகச் சொன்ன கதை வேறு. மூன்றும் சேர்ந்தால் யாரும் நம்புவார்கள். சரி, நிஜ ஆனி எங்கே? 2006-இல் ஸ்மோலெனியாக் ஆயிரம் டாலர் பரிசு அறிவித்தார். நியூயார்க் நகர ஆவணத்துறையின் தலைவரும் தேடலில் சேர்ந்துகொண்டார். ஆனி மூர் என்ற பெயரைத் துரத்தியவர்களுக்கு ஆயிரம் ஆனி மூர்கள் கிடைத்தார்கள். வழி திறந்தது தம்பி பிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழில். அங்கிருந்து அவன் மகள், அவள் வழியாக உறவினர்கள், கடைசியில் அக்கா. அவள் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவேயில்லை. கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனில் சில தெருக்களுக்குள்ளேயே வாழ்ந்து, மீன் சந்தையில் வேலை பார்த்த ஒருவரை மணந்து, பதினொரு பிள்ளைகள் பெற்று, 1924-இல் ஐம்பது வயதில் இறந்திருந்தாள்.

அயர்லாந்தில் வேர் தேடுகிறவர்கள் எல்லாருக்கும் இந்தக் கதையை முதல் பாடமாக வைக்கலாம் என்பேன். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள்; அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். இன்று அமெரிக்காவில் மட்டும் தம்மை ஐரிஷ் வழியினர் என்று சொல்லிக்கொள்வோர் மூன்று கோடிக்கும் மேல். அவர்களில் பலரிடம் மிஞ்சியிருப்பது ஒரு குடும்பப்பெயர்தான். அதைப் பிடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விடலாம் என்பது நம்பிக்கை. அந்தப் பெயருக்கு உண்மையில் எவ்வளவு தெரியும் என்பதுதான் இங்கே கேள்வி.

மூர் என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். லீஷ் பகுதியை ஆண்ட ஓ மோர்தா குடியினர் ஆங்கில எழுத்துக்கு வந்தபோது மூர் ஆனார்கள். அவர்களுடைய மூலப்பெயருக்குப் பெருமிதமானவன் என்று பொருள். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறிய மூர்கள் வேறு. அவர்கள் பெயர் புதர்க்காட்டு மேட்டுநிலத்தைக் குறிப்பது. ஸ்காட்லாந்தின் மியூர் குடும்பங்களும் அயர்லாந்தின் வடக்கே வந்து மூர் ஆகியிருக்கின்றன. ஆக, ஆண்டவன் வழியும் மூர், அவன் நிலத்தைப் பறித்தவன் வழியும் மூர். எந்த மூர் என்பதற்கு அந்தப் பெயரிடம் பதில் இல்லை.

இத்தனைக்கும் ஐரோப்பாவிலேயே குடும்பப்பெயர் முந்தி வேரூன்றிய நாடுகளில் ஒன்று அயர்லாந்து. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளிலேயே அங்கே அது பரம்பரைப் பெயராகிவிட்டது. பதிவுகளில் கிடைக்கும் மிகப் பழைய பெயர்களில் ஒன்று ஓ கிளேரி. அந்தக் குடியின் தலைவன் ஒருவன் 916-இல் இறந்ததை ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. முன்னால் நிற்கும் 'ஓ' என்பதற்குப் பேரன் என்று பொருள். 'மாக்' என்றால் மகன். தமிழ் வாசகருக்கு இரண்டுமே காதில் விழும். மாக் என்பதும் மகன் என்பதும் ஒலியால் ஒத்திருப்பது வெறும் தற்செயல். இதை வைத்து ஒரு புத்தகம் எழுதிவிடக்கூடிய ஆட்கள் நம்மிடம் உண்டு என்பதால் சொல்லி வைக்கிறேன். ஆனால் பேரன் விஷயத்தில் உள்ள ஒப்புமை உண்மையானது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன், அவனே பேரன். அயர்லாந்திலும் மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாம் மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர் என்று வைக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. எல்லா வீட்டிலும் தவறாமல் கடைப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பிள்ளைகளின் பெயர் வரிசையைப் பார்த்து முகம் தெரியாத பாட்டனின் பெயரை ஊகித்த ஆய்வாளர்கள் ஏராளம்.

ஐரிஷ் மொழியில் பெண்ணுக்கு இந்த முன்னொட்டே மாறும். மகள் என்றால் நீ அல்லது நிக், மனைவி என்றால் ஈ அல்லது விக். ஒரே வீட்டில் ஆணும் பெண்ணும் பெயரை வேறு வேறாக எழுதுவார்கள். ஆங்கிலப் பதிவேடு இதையெல்லாம் ஒரே வார்ப்பில் ஊற்றிவிட்டது.

அந்த வார்ப்பு நெடுங்கால வேலை. 1465-இல் ஒரு சட்டம் போட்டார்கள்: டப்ளின், மீத், லௌத், கில்டேர் பகுதிகளில் ஆங்கிலேயரிடையே வாழும் ஐரிஷ்காரர்கள் ஆங்கிலப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் ஊர்ப் பெயரோ, வெள்ளை கறுப்பு என ஒரு நிறமோ, கொல்லன் தச்சன் என ஒரு தொழிலோ இருந்தால் போதும். அன்று அது எவ்வளவு தூரம் நடைமுறையானது என்பதில் அறிஞர்களுக்குச் சந்தேகம் உண்டு. பெயர்களை உண்மையாக உருட்டியது 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் நிலப்பறிப்பும் அதன்பின் வந்த ஆங்கில நிர்வாகமும்தான். ஓ, மாக் எல்லாம் உதிர்ந்தன. காதில் விழுந்ததை எழுத்தர் தன் எழுத்தில் எழுதினார். சொந்தக்காரருக்குப் படிக்கத் தெரியாததால் திருத்தவும் ஆளில்லை.

எழுத்துப்பெயர்ப்பு ஒரு பக்கம் என்றால், மொழிபெயர்ப்பு இன்னொரு பக்கம். மாக் கவன் என்றால் கொல்லன் மகன். அது ஸ்மித் ஆனது. அதாவது அயர்லாந்தில் ஒரு ஸ்மித்தைப் பார்த்தவுடன் இவர் இங்கிலாந்துக்காரர் என்று முடிவு கட்டக்கூடாது. மாக் அன் டீர் என்ற பெயரில் உள்ள சொல்லுக்குக் கைவினைஞன் என்றும் பொருள், சுதந்திரமானவன் என்றும் பொருள். எனவே ஒரு கிளை கார்ப்பென்டர் ஆனது, வேறொரு கிளை ஃப்ரீமேன் ஆனது. ஒரே பாட்டன் வழியாகவும் இருக்கலாம். பெயரைப் பார்த்தால் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. இதைவிட வேடிக்கை தப்பு மொழிபெயர்ப்பு. மாக் கொன்ரீ என்ற பெயரின் கடைசி ஒலி, ராஜா என்னும் ஐரிஷ் சொல்போலக் கேட்கிறது. அவ்வளவுதான், அவர்கள் கிங் ஆகிவிட்டார்கள். முதுகுன்றம் விருத்தாசலமான கதையும், மரை என்னும் மான் திரிந்த காடு மறைக்காடாகி வேதாரண்யமாயிற்று என்று சிலர் வாதிடுவதும் நினைவுக்கு வந்தால் தப்பில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தக் குழப்பத்தை ஓர் அரசு அதிகாரியே அளந்து பார்த்தார். பிறப்பு, இறப்புப் பதிவுத்துறையில் இருந்த ராபர்ட் மாத்திசன். ஒரே குடும்பம் தன்னை எத்தனை விதமாக எழுதிக்கொள்கிறது, எந்தப் பெயருக்கு எது மாற்றாக வழங்குகிறது என்று தனிப் புத்தகமே போட்டார். அலுவலக எழுத்தர்களுக்குத் தேவைப்பட்ட கையேடு அது. கல்யாணத்தில் ஒரு பெயர், பிள்ளை பிறந்தபோது இன்னொன்று என்று வந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? 1890-இன் பிறப்புகளைக் கொண்டு அவர் கணக்கிட்டதில் முதலிடம் மர்ஃபி, நாடு முழுக்கச் சுமார் 62,600 பேர். அடுத்தது கெல்லி. இதற்கிடையே 1893-இல் கேலிக் லீக் தொடங்கி, மொழி உணர்ச்சி பெருகியபோது பாட்டன் உதிர்த்த 'ஓ'வைப் பேரன் மறுபடி ஒட்டிக்கொண்டான். ஆகவே 1850-இன் சல்லிவனும் 1910-இன் ஓ சல்லிவனும் ஒரே வீடாக இருக்கலாம். 'ஓ' இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஆளை விலக்குகிறவர்கள் சொந்தப் பாட்டனையே விலக்கிவிடக்கூடும்.

பெயர் மாற்றத்துக்குப் பொதுவாகப் பழி சுமப்பது எல்லிஸ் தீவு. அங்கே அதிகாரி வாய்க்கு வந்ததை எழுதிவிட்டார் என்று எத்தனையோ குடும்பங்களில் சொல்வார்கள். நடைமுறை அப்படி இல்லை. பயணிகள் பட்டியல் கப்பல் புறப்படும் துறைமுகத்திலேயே தயாராகிவிடும். தீவில் இருந்தவர்கள் அதை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். பெயர் மாறியது பிறகு, வேலைத்தளத்திலும் பள்ளியிலும், பெரும்பாலும் அவரவர் விருப்பப்படி. தவிரவும், பஞ்சத்தில் வந்தவர்கள் எல்லிஸ் தீவைப் பார்த்ததே இல்லை. அது திறந்தது நாற்பது ஆண்டு கழித்து.

பெயர் நம்பத்தகாதது என்றால் காகிதத்தை நம்பலாமே? அங்கேதான் அயர்லாந்தின் பெரிய துக்கம். 1922 ஜூன் 30, உள்நாட்டுப் போரின் தொடக்க நாட்கள். டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. கருகிய தாள்கள் நகரத்தின் மேல் பறந்து விழுந்தன. 1821 முதல் 1851 வரையிலான நான்கு மக்கள்தொகைக் கணக்குகளில் சில துண்டுகள் தவிர எல்லாம் போயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னதாக அழித்திருந்தது. 1881, 1891 ஏடுகள் முதல் உலகப்போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. நெருப்பைச் சொல்லி அழுகிறவர்கள் இந்த இரண்டையும் மறந்துவிடுகிறார்கள். முழுமையாக மிஞ்சிய பழைய கணக்குகள் 1901-உம் 1911-உம் மட்டும்.

எரிந்த கணக்குக்கு ஒரு விநோதமான வாரிசு உண்டு. 1909-இல் எழுபது வயதானவர்களுக்கு அரசு முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தது. ஆனால் அயர்லாந்தில் பிறப்புப் பதிவு கட்டாயமானதே 1864-இல்தான். எழுபது வயதுக்காரர் யாரிடமும் சான்றிதழ் இல்லை. எனவே கிழவர்களும் கிழவிகளும் 1841, 1851 கணக்கில் எங்கள் வீட்டைத் தேடிப் பாருங்கள் என்று விண்ணப்பம் போட்டார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், ஊர் எல்லாம் எழுதிய அந்தத் தேடல் படிவங்கள் பிழைத்துக்கொண்டன. மூல ஏடு சாம்பலாகிவிட்டது. அந்தச் சான்றும் கிடைக்காதவர்களிடம் அதிகாரிகள் பெருங்காற்று இரவு நினைவிருக்கிறதா என்று கேட்பார்களாம். 1839 ஜனவரி 6-ஆம் தேதி இரவு நாட்டையே புரட்டிப்போட்ட சூறாவளி அது. தாது வருஷப் பஞ்சத்தில் நடக்கிற பிள்ளை என்று நம் பாட்டிகள் வயது சொன்ன மாதிரிதான். எதிர்பார்த்தபடி, நேற்று நடந்ததுபோல எல்லாருக்கும் அந்த இரவு நினைவிருந்தது. 1901 கணக்கில் 55 என்று சொன்னவர் 1911-இல் 70 ஆவதும் இதனால்தான். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வாத்தியார் போட்ட தேதியைப் பிறந்த நாளாகக் கொண்டாடும் ஊர்க்காரனான எனக்கு இது அதிர்ச்சியாக இல்லை.

கணக்கு இல்லாத இடத்தை இரண்டு வரி ஏடுகள் நிரப்புகின்றன. ஒன்று 1823-க்கும் 1837-க்கும் இடையில் எழுதிய தசமபாக ஏடுகள். அரசுத் திருச்சபைக்கு எந்த விவசாயி எவ்வளவு கட்டவேண்டும் என்ற கணக்கு. இன்னொன்று ரிச்சர்ட் கிரிஃபித் தலைமையில் 1847 முதல் 1864 வரை நடந்த நில மதிப்பீடு. யார் குத்தகைக்காரர், யார் நிலக்கிழார், வீடா வயலா, என்ன மதிப்பு என்று ஊர் ஊராகப் போகும். இரண்டிலும் குடும்பத் தலைவர் பெயர்தான். மனைவி மக்கள் இல்லை. ஆனால் இடம் இருக்கிறது. அயர்லாந்தில் டவுன்லேண்ட் என்று சொல்லும் சிற்றூர்ப் பிரிவுகள் அறுபதாயிரத்துக்கும் மேல். சில நம் ஒரு தோப்பளவுதான் இருக்கும். வேர் தேடுகிறவருக்குப் பொன் போன்ற தகவல் இந்த டவுன்லேண்டின் பெயர்தான்.

திப்பெரரி மாவட்டத்துப் பக்கங்களைப் புரட்டினால் ரையன், ரையன், ரையன் என்று போய்க்கொண்டே இருக்கும். மதிப்பீட்டாளர்களுக்கே தலை சுற்றியிருக்க வேண்டும். பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் சிவப்பு என்றோ அப்பா பெயரையோ எழுதி வைத்தார்கள். ஊரே ஒரு பெயராக இருந்தால் ஊர் பட்டப்பெயரைக் கண்டுபிடிக்கும். தெருவுக்கு ஏழு முருகேசன் இருந்தால் நெட்டையும் கருவாயனும் பிறப்பதுபோல. அரசாங்கப் பெயரைவிட அடைப்புக்குறிக்குள் இருக்கும் பட்டப்பெயரே அந்த ஆளை அடையாளம் காட்டுகிறது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு, நேர்த்தியாக நடந்த தேடல் ஒன்றைப் பார்க்கலாம். ஃபால்மத் கியர்னி, ஒரு செருப்புத் தைப்பவரின் மகன், 19 வயதில் 'மார்மியன்' என்ற கப்பலில் 1850 மார்ச் 20 அன்று நியூயார்க்கில் இறங்கினான். அவனுடைய மகள் வழியில் ஐந்தாம் தலைமுறையில் பிறந்தவர் பராக் ஒபாமா. 2007-இல் இதைத் துலக்கியவரும் அதே ஸ்மோலெனியாக்.

கியர்னி என்ற பெயரை மட்டும் வைத்துத் தேடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெயர் நூலைத் திறந்தால் இரண்டு மூலம் கிடைக்கும். ஒன்று ஓ கியார்னி, வெற்றியாளன் என்ற பொருளில் வருவது; திப்பெரரியின் கேஷல் பக்கம் அதற்குப் பேர் உண்டு. மற்றது ஓ கஹர்னி, போர்க்குணம் உள்ளவன். அவர்கள் மீத் பக்கம். இந்த இரண்டாம் குடிக்கு நரி என்று பட்டப்பெயர் இருந்ததால் அதில் ஒரு கிளை மொழிபெயர்ந்து ஃபாக்ஸ் ஆகிவிட்டது. இத்தோடு விடாது, கேலிக் பெயர், ஆகவே கத்தோலிக்கர் என்று முடிவு செய்து கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகளை வருடக்கணக்கில் புரட்டியிருப்போம். ஃபால்மத் வீட்டார் சீர்திருத்தத் திருச்சபையினர்.

தேடல் போன வழி வேறு. ஃபால்மத்தின் பெரியப்பா சித்தப்பா வகையில் ஒருவர் முன்பே ஒஹாயோவில் நிலம் வாங்கியிருந்தார். இறக்கும்போது அதை ஃபால்மத்தின் அப்பா ஜோசப்புக்கு எழுதி வைத்தார். ஒரு குடும்பம் ஏன் அந்த வருடம், அந்த மாநிலத்துக்குப் போனது என்பதற்கு அந்த நிலமே காரணம். அமெரிக்கப் பக்கத்து உறவினர்களையெல்லாம் கூட்டிப் பார்த்ததில் மனிகால் என்ற ஊர் பெயர் வந்தது. ஒஃபலி மாவட்டத்தின் ஓரத்தில் ஒரே தெருவாக நீண்ட கிராமம். அங்கிருந்த குருவானவர் ஸ்டீஃபன் நீல் பழைய ஏடுகளில் தேடி, டெம்பிள்ஹாரி தேவாலயப் பதிவுகளில் கியர்னி குடும்பத்தைக் கண்டெடுத்தார். இதில் அதிர்ஷ்டமும் உண்டு. அந்தத் திருச்சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் பாதுகாப்புக்காக டப்ளின் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டு எரிந்துபோனவை. அரசு கேட்காமல் விட்ட கத்தோலிக்க ஏடுகள் அந்தந்தப் பங்கிலேயே இருந்து தப்பின. 2015 முதல் தேசிய நூலகம் அவற்றை இணையத்தில் இலவசமாகக் காட்டுகிறது. 2011 மே மாதம் ஒபாமா மனிகால் போனார். டப்ளின் மேடையில், எங்கேயோ தொலைந்துபோன என் 'ஓ'வின் மேற்குறியைத் தேடி வந்திருக்கிறேன் என்கிற பாணியில் நகைச்சுவை பேசினார். அவர் குடும்பப்பெயர் கென்யாவுடையது. ஐரிஷ் வேரைக் காட்டும் ஓர் எழுத்துகூட அதில் கிடையாது. இருந்தும் வேர் கிடைத்தது.

கத்தோலிக்க ஞானஸ்நான ஏட்டைப் படிப்பதும் ஒரு கலைதான். பெயர்கள் பல இடங்களில் லத்தீனில் இருக்கும்: ஜேம்ஸ் அங்கே யாக்கோபுஸ், வில்லியம் குலியெல்முஸ். கிராமப்புற மேற்கில் பல ஏடுகள் 1820-க்குப் பிறகே தொடங்குகின்றன. குழந்தை, அப்பா, அம்மா பெயர்களை எழுதிக்கொண்டு பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள் புதியவர்கள். பழகியவர் ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர்களில் நிற்பார். அவர்கள் அத்தை, மாமன், பக்கத்து வீட்டுக்காரர். ஐம்பது ஜான் மர்ஃபி இருக்கலாம்; ஆனால் இன்ன ஊரில், இன்ன மாமனைச் சாட்சியாக நிறுத்திய ஜான் மர்ஃபி ஒருவன்தான்.

மரபணுச் சோதனை வந்தபின் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. டப்ளின் டிரினிட்டி கல்லூரியினர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உலகெங்கும் செய்தியானது: வடமேற்கு அயர்லாந்து ஆண்களில் ஐந்தில் ஒருவரிடம் ஒரே தந்தைவழி முத்திரை, அது நீல் என்ற பழைய அரசனுடைய வழியாக இருக்கலாம். 'இருக்கலாம்' என்பது செய்தித்தாளுக்கு வரும்போது உதிர்ந்துவிட்டது. அந்த முத்திரை நீலைவிடப் பழையது என்று பின்னால் வந்தவர்கள் காட்டினார்கள். தந்தைவழிச் சோதனை ஒன்றை நன்றாகச் செய்யும்: ஒரே பெயருள்ள இருவர் ஒரே ஆணின் வழியா என்பதைச் சொல்லும். அந்த ஆண் எந்த டவுன்லேண்டில் உருளைக்கிழங்கு நட்டான் என்று சொல்லாது. கேடயச் சின்னம் அச்சிட்ட தேநீர்க் குவளைகளைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சின்னம் ஓர் ஆளுக்கும் அவர் வழியினருக்கும் வழங்கப்படுவது, மர்ஃபி என்று பெயர் வைத்திருப்பவர் எல்லாருக்கும் அல்ல.

எட்வர்ட் மக்லைசாட் போன்றவர்களின் பெயர் நூல்களைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அயர்லாந்தின் தலைமைச் சின்னப் பதிவாளராக இருந்த அவர், எந்தப் பெயர் எந்த வட்டாரத்தில் செறிந்தது என்பதை ஆவணம் காட்டி எழுதியவர். ஊர் தெரிந்தபின் அவரைத் திறந்தால், இந்த ஊர் மூர்கள் எந்த மூர்களாக இருக்க வாய்ப்பு என்று துணிய முடியும். ஊர் தெரியுமுன் திறந்தால் பிடித்த பாட்டனைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் ஆசைதான் வரும்.

நமக்குத் தெரிந்த ஒரு பெயரையும் இந்தத் தராசில் வைக்கலாம். கால்டுவெல் 1814-இல் பிறந்தது அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்துக் கிளாடியில். எனவே ஐரிஷ்காரர் என்று எழுதுவோரும் உண்டு. பெற்றோர் ஸ்காட்லாந்து வழியினர். பெயர் ஸ்காட்லாந்தின் ஓர் இடத்தைச் சார்ந்தது, குளிர்ந்த ஊற்று என்று பொருள். சிறுவயதிலேயே குடும்பம் கிளாஸ்கோவுக்குத் திரும்பிவிட்டது. பிறந்த ஊரைப் பார்த்தால் ஒன்று, பெயரைப் பார்த்தால் இன்னொன்று. கல்லறை இடையன்குடியில்.

ஆனியின் கல்லறை நியூயார்க் குயீன்ஸ் பகுதியில், கால்வரி கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் இருந்தது. சின்ன வயதில் இறந்த தன் பிள்ளைகளோடு அவளைப் புதைத்திருந்தார்கள். மேலே கல்லில்லை, பெயருமில்லை. இறப்புப் பதிவில் அவள் மூர் அல்ல, ஜெர்மன் வழிவந்த கணவரின் பெயரைத் தாங்கிய ஆனி ஷேயர். மூர்களைத் தேடியவர்கள் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது அதனால்தான். அயர்லாந்திலிருந்து நீலச் சுண்ணாம்புக்கல் வந்து, அதில் சிலுவை செதுக்கி 2008-இல் நட்டார்கள்.